லவினாவின் காந்தக் கொக்கி

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் எதை வேண்டுமானாலும் பிடுங்கலாம், உட்காரும் இடத்தை மட்டும் பிடுங்க முடியாது. ரயில் கிளம்புவதே அங்கேதான் என்பதால் அவர்களுக்கு முதல் உரிமை. கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பெட்டி நிறைந்துவிடும். பங்காருப்பேட்டையில் ஏறுகிறவர்கள் பெங்களூர் வரைக்கும் ஒற்றைக் காலில் தவம் செய்ய வேண்டியதுதான். அந்தப் பெண்கள் பெஞ்சுக்கு ஷைலா தலைவி. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவள், அந்த அதிகாரத்தை ரயிலிலும் இறக்கி வைக்க மாட்டாள்.

பெட்டியில் பை மாட்டுவதற்கென்று இருந்த கொக்கிகள் உடைந்து பல வருஷம் ஆகிறது. பையை மடியில் வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்க முடியாது, பின்னல் போட முடியாது, நிம்மதியாக ஒரு தூக்கம் தூங்க முடியாது. ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஷைலா எங்கேயோ பேரம் பேசி, அடியில் வட்டமான காந்தம் வைத்த கொக்கிகளை மொத்தமாக வாங்கி வந்து பெஞ்சில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். ஜன்னலுக்கு மேலே இருக்கும் இரும்புச் சட்டத்தில் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். நிறைந்த டிபன் பையை மாட்டினாலும் அசையாது. இறங்கும்போது பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போகிற மாரிகுப்பத்துப் பெண்ணின் பையைத் திறந்தால் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கொக்கி இருக்கும்.

ஜன்னலோரம் உட்காரும் லவினாவின் பையிலும் ஒன்று இருந்தது. அவளுடைய வேலையில் காந்தம் ஆகவே ஆகாது என்பதுதான் சங்கடம்.

லவினா நாற்பதை நெருங்குகிறவள். கணவர் ஆஸ்டின் பஸ் டிப்போவில் மெக்கானிக். இவள் டிப்ளமா முடித்துவிட்டு, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கடுங்குளிர் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறாள். ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் சோறு. திரவ ஹீலியத்தை ஊற்றிக் கருவியைக் குளிரவைப்பது ஒரு வேலை. நகத்தைவிடச் சின்னதான சிப்புகளில், முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி ஒட்டுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவதுதான் அவளுக்கு உயிர். மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுவாள். அவள் ஒட்டிய கம்பி லேசில் பிடுங்கிக்கொள்ளாது என்று ஆய்வகத்தில் பெயர்.

அவளுடைய அப்பா பர்னபாஸ் மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும், தங்கத்தை ஒளித்து எடுத்து வருகிறார்களா என்று வாசலில் நிறுத்தி உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். பர்னபாஸுக்கு அது அறவே பிடிக்காது. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தானாகவே இரண்டு கையையும் விரித்து நீட்டிவிடுவார். "கேட்டப்புறம் காட்டினா திருடன் மாதிரி கீது. கேக்காமலே காட்டினா மனுசன் மாதிரி கீது" என்பாராம். மைன் மூடினார்கள், பர்னபாஸும் போய்ச் சேர்ந்தார். அந்தப் பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

ஆய்வகத்தில் லவினாவுக்கு நெருக்கம் மமதாதான். பூதிகோட்டைக்காரி. அப்பா அம்மா தக்காளி போடுகிறவர்கள். இந்தப் பெண் பி.எச்.டி. செய்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். பங்காருப்பேட்டைப் பக்கத்துத் தமிழில் கன்னடம் கலந்து பேசுவாள். லவினாவை அக்கா என்பாள்.

மமதா எதைத் தேடுகிறாள் என்பது லவினாவுக்கு முதல் வருஷம் புரியவில்லை. பிறகு ஒருநாள் கேண்டீனில் உட்கார்ந்து சொன்னாள். நியோபியம் என்ற உலோகத்தை நன்றாகக் குளிரவைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். அப்படி ஓடும்போது எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகப் போகின்றன. ஜோடியில் ஒன்றின் ஸ்பின், அதாவது சுழற்சி, மேலே பார்த்தால் மற்றொன்றின் ஸ்பின் கீழே பார்க்கும். நடுவில் காந்தப் படலம் ஒன்றை வைத்தால் போச்சு. காந்தத்துக்கு எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், அது ஜோடியைப் பிரித்துவிடும், மின்னோட்டம் அங்கேயே செத்துப்போகும்.

"நம்ம சர்ச்சு மாதிரி சொல்லு" என்றாள் லவினா. "ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். புருஷனும் பொண்டாட்டியும் கைகோத்துக்கினு வந்தாக்கூட வாசல்லயே பிரிச்சி உட்ருவாங்க. ஆனா அக்கா தங்கச்சி ரெண்டு பேரு வந்தா? கைய உடாம உள்ள போய், கைய உடாம அந்தாண்ட வாசல்ல வெளிய வந்துருவாங்க."

மமதா சிரித்துவிட்டாள். "அதேதான் அக்கா. ரெண்டும் ஒரே பக்கம் பாக்கற ஜோடி இருந்தா காந்தத்துக்குள்ள எவ்ளோ தூரம் வேணும்னாலும் போகும். ஆனா நியோபியத்துல இருந்து வர்றதெல்லாம் புருஷன் பொண்டாட்டி ஜோடிதான். வாசப்படியில அதை மாத்தணும். அதுக்குத்தான் நடுவுல ஒரு முரட்டுக் காந்தப் படலம், ரெண்டு பக்கமும் மெல்லிசா, இளகின காந்தப் படலம். நடுவுல இருக்கறது ஒரு பக்கம் பாத்தா, மெல்லிசு ரெண்டும் குறுக்கே பாக்கணும். குறுக்கே இருந்தாத்தான் ஜோடி மாறும். நேரா வரிசையா நின்னா ஒண்ணுமே வராது."

படலங்களைப் படியவைக்கும்போதே குறுக்காக அமைத்துவிடலாம் என்பது மமதாவின் யோசனை. அதை நம்பித்தான் இரண்டு வருஷமாகச் சிப் சிப்பாகச் செய்து பார்த்தாள். எதிலும் வரவில்லை. கருவிக்குள் இருக்கும் பெரிய காந்தத்தை ஓட்டிப் பார்த்தாலும் பயனில்லை. அது ஒரே திசையில்தான் இழுக்கும், எல்லாப் படலத்தையும் வரிசையில் நிறுத்திவிடும். அதனால் ஆய்வகத்தில் ஒரு சட்டம்: குளிரவைக்கும்வரை சிப்பின் அருகே காந்தம் கூடாது. போன், ஹெட்போன், காந்தக் கிளிப் வைத்த கைப்பை எதுவும் உள்ளே வரக் கூடாது. லவினா தன் பையை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். அந்த விஷயத்தில் அவள் கறாரானவள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புதுச் சிப்பு செய்யும் இடம் வளாகத்தின் மறுகோடியில் இருக்கிறது. மமதா தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். அங்கிருந்து போன் செய்தாள்.

"அக்கா, சிப்பு ரெடியாம். வாங்கி உள்ள வச்சிருங்க, ப்ளீஸ்."

வாங்கப் போனால் அவர்கள் தாமதப்படுத்திவிட்டார்கள். கைக்கு வந்தபோது சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆய்வகத்துக்குத் திரும்பி ஓடினால் ரயில் போய்விடும். அந்த ரயிலை விட்டவர்களுக்குத்தான் தெரியும், அதன் பிறகு பஸ் பிடித்து, இடித்து, நசுங்கி மாரிகுப்பம் வந்து சேரும் லட்சணம். லவினா அந்தத் தட்டையான பிளாஸ்டிக் டப்பாவைப் பையில் டிபன் டப்பாவின் ஓரமாகச் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். திங்கட்கிழமை கொண்டு வந்துவிடலாம், இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள்.

ரயிலில் வழக்கம்போலக் கொக்கியை எடுத்துச் சட்டத்தில் வைத்தாள், பையை மாட்டினாள், தூங்கினாள். மாரிகுப்பத்தில் கொக்கியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். கை தன்பாட்டுக்குச் செய்யும் வேலை அது. மனசு அதில் இருப்பதே இல்லை.

மறுநாள் காலையில் டிபன் டப்பாவைக் கழுவ எடுத்தாள். அதோடு சேர்ந்து பிளாஸ்டிக் டப்பாவும் வந்தது. அதன்மேல் கொக்கி இருந்தது. டிபன் டப்பாவின் இரும்பைப் பிடிக்கப் பாய்ந்த காந்தம், நடுவில் சிப்பு டப்பாவை வைத்து நசுக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க ஒட்டியிருந்திருக்கிறது.

லவினா கொக்கியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். எறிந்து என்ன பயன்? வெளியே பார்த்தால் சிப்பில் ஒரு மாற்றமும் தெரியாது. படலங்கள் எந்தப் பக்கம் திரும்பினவோ, யாருக்குத் தெரியும்!

"இன்னா லவி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் ஆஸ்டின்.

சொன்னாள். ஆஸ்டினுக்குப் பாதி புரிந்தது. "போன் போட்டுச் சொல்லிட்றது."

"அது தங்கச்சி நிச்சயத்துல கீது. இப்ப சொல்லி அது சந்தோசத்தக் கெடுக்கணுமா?"

மமதாவின் சந்தோஷத்துக்காகத்தான் சொல்லவில்லை என்று அவள் தன்னையே நம்பவைத்துக்கொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம். ஒப்பந்தம் முடிய அதிக காலம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு, 'ஆண்டவரே, அந்தச் சிப்பை மட்டும் காப்பாத்தும்' என்று மன்றாடினாள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

திங்கட்கிழமை தானே கம்பி ஒட்டினாள். தானே ஹீலியம் ஊற்றினாள். மமதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், லவினா அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மின்னோட்டத்தை மெல்ல ஏற்றினார்கள். திரையில் கோடு தரையோடு தரையாகப் போயிற்று. மின்னோட்டம் ஏற ஏற, மின்னழுத்தம் எழும்பவே இல்லை. தடை இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். காந்தத்துக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது என்று அர்த்தம்.

மமதா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு லவினாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேராசிரியர் சார் ஓடிவந்தார். யாரோ மைசூர்பாக் வாங்கிவந்தார்கள். ஒரு துண்டை லவினாவின் வாயிலும் திணித்தார்கள். அவள் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றாள். நல்லவேளை, கெடவில்லை என்று ஒரு மூச்சு. கெடவில்லையா, அல்லது அதனால்தான் வந்ததா என்று அடுத்த மூச்சு. ஆண்டவரே மூடிவிட்டதை நாம் எதற்குத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவு ரொம்ப நாள் தாங்கவில்லை.

அந்தச் சிப்பு குளிரிலிருந்து வெளியே எடுக்கும்போது விரிசல் விட்டுப் போனது. போகட்டும், இதேபோல இன்னொன்று செய்யலாம் என்றாள் மமதா. அதே முறை, அதே தடிமன், அதே கை. வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. மழைக்காலம் முடிந்து குளிர் வந்தது. ஒரு சிப்பிலும் கோடு தரையில் நிற்கவில்லை.

சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? முதல் சிப்பில் எங்கேயோ ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள் என்று பக்கத்து ஆய்வகத்தில் பேச்சு கிளம்பியது. அதைவிட மோசமாகவும் ஒரு பேச்சு வந்தது. எண்களைக் கொஞ்சம் 'சரி செய்துவிட்டாள்' என்று. விநாயக் என்ற சீனியர் மாணவன் கேண்டீனில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுச் சிரித்தான். மமதா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். லவினாவும் எழுந்து போனாள், ஆனால் வேறு பக்கமாக.

மமதா இளைத்துப்போனாள். இரவும் பகலும் ஆய்வகத்திலேயே கிடந்தாள். "நான் இன்னா தப்பு பண்றேன் அக்கா? கை நடுங்குதா எனக்கு? சொல்லுங்க, சும்னே சொல்லுங்க" என்று கேட்பாள். லவினா தங்கக் கம்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா, வரும்" என்பாள். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்தக் கொக்கியைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. பையின் அடியில் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ரயிலில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கொக்கி எங்கே என்று ஷைலா கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்று ஒரு பொய்.

கடைசியில் சார் மமதாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த மாதம் வரும் ஹீலியத்தோடு சரி, அதற்குப் பிறகு இந்த வேலைக்கு ஹீலியம் கிடையாது. முதல் சிப்பின் முடிவைத் திரும்பக் காட்ட முடியவில்லை என்றால் அதை ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது. அதைச் சேர்க்காவிட்டால் ஆய்வேடே இல்லை. அதே மாதத்தில்தான் லவினாவின் ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று சாயங்காலம் மமதா ஊருக்குக் கிளம்பினாள். "அப்பாகிட்ட சொல்லிடறேன் அக்கா. படிப்பு வேணாம்னு" என்றாள். இருவரும் ஒரே ரயிலில் ஏறினார்கள். ஷைலாவின் பெஞ்சில் மமதாவுக்கும் நெருக்கி இடம் கொடுத்தார்கள். அந்தப் பெஞ்சில் இடம் கிடைப்பது என்றால் முகத்தில் எவ்வளவு துக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தியாகல் ஸ்டேஷன் தாண்டியதும் ஷைலா தன் கைப்பையிலிருந்து புதிதாக ஒரு கொக்கியை எடுத்து மமதாவிடம் நீட்டினாள். "எதுக்கும்மா பைய மடியில வச்சிக்கினு அவஸ்தப்பட்ற? இத்த மேல ஒட்டி மாட்டிக்க. லவினாவுக்கும்தான் குடுத்தேன், தொலைச்சிட்டா மகராசி."

மமதா கொக்கியைச் சட்டத்தில் வைத்தாள். டக் என்றது. பலமாக இழுத்துத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. "அம்மாடி, இன்னா பிடி பிடிக்குது! இதை லேபுக்கு மட்டும் கொண்டு வந்துடாதீங்க அக்கா" என்று சோகத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை லவினாவால் தாங்க முடியவில்லை.

"கொண்டாந்துட்டேன்" என்றாள்.

"இன்னாது?"

"தொலையல. என் பையிலதான் கீது. மொதல் சிப்பு வந்தப்ப, அன்னிக்கி வெள்ளிக்கிழமை, நான் அத்த வீட்டுக்கு எடுத்தாந்துட்டேன். ராத்திரி பூரா இந்த மாதிரி கொக்கி அதுமேல ஒட்டிக்கினு இருந்திச்சி. பயந்துக்கினு சொல்லல. நீ ஒண்ணும் தப்பு பண்லம்மா. உன் கை நடுங்கல."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள்கூடக் கத்தியை நிறுத்திவிட்டாள். மமதாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இத்தனை மாசமா நான் பைத்தியக்காரி மாதிரி சுத்தினேனே. என்னைத் திருடின்னு சொன்னாங்களே. பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்தீங்களா அக்கா?"

மமதா பையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். பங்காருப்பேட்டை வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கினாள். ஷைலா லவினாவின் தோளில் கையை மட்டும் வைத்தாள். ஷைலாவுக்கே பேச்சு வராதது அன்று ஒருநாள்தான்.

ரயில் நகரப்போகும் சமயம், ஜன்னல் கம்பியை யாரோ பிடித்தார்கள். மமதா. கண் சிவந்திருந்தது, கோபம் அப்படியே இருந்தது.

"டப்பா எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சி? கொக்கி எந்த ஓரத்துல ஒட்டிச்சி?"

லவினா திகைத்துப்போனாள். எத்தனையோ மாதமாக அதையே நினைத்துச் செத்துக்கொண்டிருந்தாள். இதை மட்டும் நினைத்துப் பார்த்ததே இல்லை. "தெரியலியேம்மா" என்றபோது ரயில் நகர்ந்துவிட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நரகம். திங்கட்கிழமை காலை பங்காருப்பேட்டையில் மமதா அதே பெட்டியில் ஏறினாள். வணக்கம், குசலம் எதுவும் இல்லை. நின்றபடியே பேசினாள். "கொக்கி காந்தம் சின்னது. நடுவுல இருக்கற முரட்டுப் படலத்தை அசைக்க முடியாது. மெல்லிசு ரெண்டையும்தான் திருப்பியிருக்கும். நான் நினைச்ச மாதிரி படியவைக்கும்போது குறுக்காவே வரல, அக்கா. எந்தச் சிப்புலயும் வரல. உங்க கொக்கிதான் திருப்பிச்சி. ஆனா எந்தக் கோணத்துலன்னு தெரியணும். ஹீலியம் ஒரு தடவைக்குத்தான் கீது."

"எனக்கு ஞாபகமே வரலியே."

"ஞாபகம் வேணாம். உங்க கைக்குத் தெரியும். அன்னிக்கிச் செஞ்சதையே செய்யுங்க. யோசிக்காம செய்யுங்க."

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த ஒரு நல்ல சிப்போடு மமதாவும் லவினாவோடு மாரிகுப்பம் வரைக்கும் வந்தாள். ஷைலா பெஞ்சையே காலி செய்து, யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டாள். யோசிக்காமல் செய் என்று சொல்லிவிட்டால் யோசனை வராமல் இருக்குமா? லவினா பையை மாட்டுவதற்கே இரண்டு தடவை தடுமாறினாள். ஷைலாதான், "எம்மா, சர்ச்சு டீ பார்ட்டிக்கு வடை யாரு சுடறது? போன வாட்டி உன் வடை கல்லு மாதிரி இருந்திச்சி" என்று வம்புக்கு இழுத்தாள். "உன் சமோசா மட்டும்?" என்று லவினா சீறிக்கொண்டிருந்தபோதே மாரிகுப்பம் வந்தது. சீறிக்கொண்டே வலது கையால் கொக்கியைப் பிடுங்கினாள், பையின் வாயை இடது முட்டியில் சாய்த்தாள், உள்ளே போட்டாள். டக்.

மமதா பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். டிபன் டப்பாவின் வளைவில் சிப்பு டப்பா சாய்ந்து நின்றது. அதன் ஒரு மூலையில், கோணலாகக் கொக்கி ஒட்டியிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டாள். அன்றிரவு லவினாவின் வீட்டில் அந்தப் பையை யாரும் தொடவில்லை. கோபம் தீராத மமதா, ஆஸ்டின் வைத்த கோழிக்குழம்பை மட்டும் மறுக்காமல் சாப்பிட்டாள்.

மறுநாள் ஆய்வகத்தில் ஹீலியம் இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி இருவரும் நின்றார்கள். மமதா தாழ்ந்த குரலில் சொன்னாள். "வந்துச்சின்னா, நானே சின்னக் காந்தம் வச்சிப் பாத்தேன்னு சார்கிட்ட சொல்லிடறேன். உங்க பேரு வேணாம். கையெழுத்துப் போடற நேரம் இது."

லவினாவுக்கு மனசு லேசானது. பாவம் செய்தவளுக்குப் பாவமன்னிப்பு வீட்டு வாசலுக்கே வந்த மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

மின்னோட்டத்தை ஏற்றினார்கள். கோடு தரையோடு போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. மமதா இந்தத் தடவை அழவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சார் வந்தார். விநாயக்கும் வந்தான், வேறு சிலரும் வந்தார்கள். சின்னக் காந்தத்தால் இளகிய படலங்களை மட்டும் திருப்பியதை மமதா விளக்கினாள். சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் சிப்புக்கு நீ காந்தம் வைக்கவில்லையே. அதில் எப்படி வந்தது?"

மமதா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். விநாயக்கின் உதட்டோரம் ஒரு சுழிப்புத் தெரிந்தது. முதல் சிப்பு அப்போதும் பொய்யாகவேதான் நின்றது, மமதாவும் அதனோடு நின்றாள். மமதா லவினாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லவினா வெளியே போனாள். லாக்கரைத் திறந்து கொக்கியை எடுத்து வந்து, கதவு வாசலிலேயே நின்று, இரும்பு நிலையில் வைத்தாள். டக் என்ற சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

"அது நான்தான் சார்" என்றாள். மிச்சத்தை உடைந்த ஆங்கிலத்திலும் கன்னடத்திலுமாகச் சொல்லி முடித்தாள்.

சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தப் பெண் இத்தனை மாதம் அழுதிருக்க வேண்டாம்" என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால், இனிமேல் நீங்கள் சிப்பைத் தொட வேண்டாம், ஹீலியம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வேலை இருந்தது, உயிர் போய்விட்டது. தங்கக் கம்பி ஒட்டும் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் லவினா வேறெங்கேயாவது பார்த்துக்கொண்டு போனாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆய்வக வாசலில் நின்று, யாரும் கேட்காமலே பையைத் திறந்து காட்டுவாள், இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். அங்கே காவலாளிகூடக் கிடையாது. பார்த்தவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. மமதா வேலை விஷயமாக மட்டும் பேசினாள். அக்கா என்ற வார்த்தை குறைந்துபோயிருந்தது.

ஈஸ்டர் முடிந்து ஒருநாள், லவினா ஹீலியம் குடுவையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மமதா ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பாவோடு எதிரே வந்து நின்றாள். லவினா சட்டென்று எழுந்து பின்வாங்கி, இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். விரல்களுக்கு நடுவில்கூட எதுவும் இல்லை என்று தெரியும்படி நீட்டினாள்.

"இன்னா இது?" என்றாள் மமதா.

"கேக்கறதுக்கு முன்னால காட்டிட்றேன்."

மமதா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு டப்பாவை அவற்றின்மேல் வைத்தாள்.

"சார்கிட்ட சண்ட போட்டு வாங்கிட்டேன். நான் ஒட்டற கம்பியெல்லாம் குளிர்ல பிச்சிக்குது. நீங்களே ஒட்டுங்க அக்கா" என்றாள்.

லவினாவின் கை நடுங்கியது. டப்பா விழுந்துவிடுமோ என்ற பயத்தில் மமதா தன் கையை அதன் அடியில் கொடுத்துக்கொண்டாள்.